ரூட்டரை அணைத்துவிட்டுச் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் ஸ்மார்ட் கருவிகளைப் பற்றி எழுதும்போது, கைபேசியிலிருந்தே என்னவெல்லாம் செய்யலாம் என்று விரிவாகச் சொல்கிறீர்கள். வைஃபை போய்விட்டால் அந்தக் கருவி என்ன செய்யும் என்று ஒரு வரிகூட வருவதில்லை. கம்பியில்லாக் கருவிகளுக்குச் சர்க்யூட் போர்டும் அதில் ஓடும் மென்பொருளும் வடிவமைப்பது என் தொழில். என் உழைப்பில் பெரும்பகுதி அந்த ஒரு வரிக்காகத்தான் போகிறது.

இணைப்பு அறுவது அபூர்வமான விபத்து இல்லை. புளூடூத், ஸ்மார்ட் வீட்டுக் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஜிக்பீ, வைஃபையில் ஒரு பகுதி எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பின் இரைச்சலும் அங்கேதான் வந்து விழுகிறது. அந்த அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால், கருவியைச் சில சென்டிமீட்டர் நகர்த்தினாலே சிக்னல் விழுந்துவிடலாம்.

ஆன்டெனா இன்னும் தொட்டாற்சிணுங்கி. வெறும் போர்டாக மேசையில் வைத்துச் சோதிக்கும்போது நன்றாக வேலை செய்யும். அழகுக்காக உலோகப் பட்டை வைத்த பெட்டிக்குள் போட்டதும் அடுத்த அறைக்கே எட்டாது. பெட்டியை வடிவமைப்பவரும் ஆன்டெனாவுக்கு இடம் ஒதுக்குபவரும் முதல் நாளே சேர்ந்து உட்கார வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நான் சண்டை போடுவது இதனால்தான்.

பேட்டரிக் கோளாறு பல நேரம் நெட்வொர்க் கோளாறு போல வேஷம் போடும். சிஆர்2032 என்ற பட்டன் பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். ரேடியோ விழிக்கும் கணத்தில் திடீரென மின்சாரம் இழுக்கும். பேட்டரி பழசாகியிருந்தாலோ குளிர் அதிகமாக இருந்தாலோ வோல்டேஜ் சரிந்து சிப் ரீசெட் ஆகும். மறுபடி எழும், அனுப்பப் பார்க்கும், மறுபடி விழும். பாவம், வாங்கியவர் ரூட்டரைத் திட்டிக்கொண்டிருப்பார். மின்சாரத்தைச் சேர்த்துவைத்துத் தேவைப்படும் கணத்தில் கொடுக்கும் கெபாசிட்டர் ஒன்றைச் சரியான அளவில் வைத்திருந்தால் பல கருவிகளில் இந்தத் தொல்லையே இருந்திருக்காது.

மின்தடை முடிந்து கரண்ட் வந்ததும் எல்லாக் கருவிகளும் ஒரே நொடியில் சர்வரைத் தட்டினால் சர்வர் திணறும். ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரம் காத்திருந்து முயல வேண்டும். தோற்றால் இடைவெளியை இரட்டிப்பாக்க வேண்டும். மென்பொருளைப் புதுப்பிக்கும்போது பாதியில் கரண்ட் போனால் பழைய பதிப்புக்குத் திரும்ப வழி வேண்டும். அது இல்லாத கருவி வெறும் பிளாஸ்டிக் கட்டிதான்.

அப்புறம், ஸ்மார்ட் பூட்டு சாவியாலும் திறக்க வேண்டும். புகை அலாரம் யாருடைய சர்வரையும் கேட்காமல் தானே அலற வேண்டும். இதில் நான் எந்தச் சமாதானத்தையும் ஏற்கமாட்டேன்.

இணைப்பு இருக்கும்போதும் ஆபத்து உண்டு. 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லோடு கிடந்த கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்துப் பெரிய இணையதளங்களையே முடக்கியது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் அப்படிப்பட்ட பொதுக் கடவுச்சொற்களுக்குச் சட்டத்தில் இடமில்லை. பாதுகாப்புப் புதுப்பிப்புகள் எவ்வளவு காலத்துக்கு வரும் என்பதையும் தயாரிப்பாளர் அறிவித்தாக வேண்டும்.

அடுத்த கருவியை அறிமுகப்படுத்தும்போது ரூட்டரை ஒரு நாள் அணைத்துவைத்துப் பயன்படுத்திப் பாருங்கள். என்ன நடந்தது என்பதையும், புதுப்பிப்புகள் எதுவரை வரும் என்பதையும் விலைக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
கருவி வடிவமைப்புப் பொறியாளர் ஒருவர்