ஏ.ஐ.யிடம் ‘அன்பாகப் பேசு’ என்றால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஏ.ஐ. உதவியாளரின் பேச்சுத் தோரணையை நம் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்வது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை தேவையான ஒன்று. ஆனால், மாதிரியாகக் கொடுத்திருந்த ‘நீ அன்பான, புத்திசாலியான, நகைச்சுவை உணர்வுள்ள நண்பன்’ என்ற வரி வேலைக்கு ஆகாது. அதை அப்படியே போட்டால், ‘அருமையான கேள்வி!’ என்று ஆரம்பித்து, நடுவில் நாலு இமோஜி தூவி, ‘வேறு ஏதாவது உதவி வேண்டுமா?’ என்று முடிக்கும். அன்புக்கு அது அறிந்த பொது அடையாளம் அவ்வளவுதான்.

என்ன செய்ய வேண்டும் என்று செயலாகச் சொன்னால்தான் பிடித்துக்கொள்ளும். சாட்ஜிபிடியில் செட்டிங்ஸுக்குள் பர்சனலைசேஷன் பகுதியில், நம் கட்டளைகளை எழுதி வைப்பதற்கான கஸ்டம் இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ் பெட்டி இருக்கிறது. 2023 ஜூலையில் வந்த வசதி இது. அதில் இப்படி எழுதலாம்: ‘முதல் வரியிலேயே விடையைச் சொல். சின்னக் கேள்விக்கு நாலு வரிக்குள் பதில். பாராட்டு, முன்னுரை வேண்டாம். நான் சொல்வது தவறென்றால் தவறு என்று சொல்லிக் காரணம் கொடு. சந்தேகமான தகவலைச் சந்தேகம் என்றே குறிப்பிடு.’ ஐந்தாறு கட்டளை போதும். இருபது எழுதினால் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். ‘சுருக்கமாகச் சொல்’ என்பதும் ‘படிப்படியாக விளக்கு’ என்பதும் சேர்ந்தே இருந்தால், ஒரு நாள் அது ஜெயிக்கும், ஒரு நாள் இது.

பெட்டிக்கு 1500 எழுத்து வரம்பு என்று போட்டிருந்தால் தமிழில் எழுதுபவர்கள் ஏமாற வேண்டாம். புள்ளியையும் கொம்பையும் காலையும் கணினி தனித்தனியாக எண்ணும். நமக்கு மூன்றெழுத்தான ‘தமிழ்’ அதற்கு ஐந்து.

கட்டுரை தொடாத இடம் தமிழ் நடை. எதுவும் சொல்லாவிட்டால் ஒரே பதிலில் ‘நீ’யும் ‘நீங்க’ளும் கலந்து வரும். வாக்கியம் ஆங்கிலத்திலிருந்து இறக்கியது போலிருக்கும். ‘பேச்சுத் தமிழில் எழுது’ என்று மட்டும் சொன்னால் ஒரு வரி மேடைத் தமிழ், அடுத்த வரி சினிமா வசனம். இதற்கு மருந்து மாதிரி வாக்கியம்தான். ஜவுளிக்கடைக்காரர் வாடிக்கையாளருக்குப் பதில் எழுத வைக்கிறார் என்றால், தான் வழக்கமாக அனுப்பும் பதிலையே பெட்டியில் ஒட்டலாம்: ‘வணக்கம். நீங்கள் கேட்ட நீலப் புடவை இப்போது இல்லை. வியாழக்கிழமை வந்துவிடும், எடுத்து வைக்கட்டுமா?’ இப்படி மூன்று பதில் கொடுத்து ‘இதே நடையில்’ என்றால், பத்து அடைமொழியால் ஆகாதது ஆகும். மற்ற ஏ.ஐ. உதவியாளர்களிலும், அதாவது கிளாடில் ஸ்டைல்ஸ் வசதிக்கும் ஜெமினியில் ஜெம்ஸ் வசதிக்கும், இதே முறைதான்.

நன்றாகப் பேசிக்கொண்டிருந்தது திடீரெனப் பழைய குணத்துக்குத் திரும்பினால், பெரும்பாலும் உரையாடல் மிக நீண்டுவிட்டது என்று பொருள். கட்டளை பின்னால் தங்கிவிட, அது தன் முந்தைய பதில்களையே பார்த்து எழுதத் தொடங்குகிறது. புது உரையாடல் தொடங்கினால் சரியாகும். அப்படியும் ஆகாவிட்டால், நாம் முன்பு சொன்னவற்றை அது சேமித்து வைக்கும் மெமரியைத் திறந்து பாருங்கள். எப்போதோ சொன்ன ‘விரிவாகச் சொல்’ அங்கே உட்கார்ந்திருக்கலாம். கட்டளையைச் சோதிக்க, வேண்டுமென்றே ஒரு தவறான தகவலைச் சொல்லிப் பாருங்கள். தலையாட்டினால் திருத்தம் தேவை.

இந்தத் தலையாட்டலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியின் ஜிபிடி-4ஓ மாடலுக்கு வந்த ஒரு மாற்றம் எதைச் சொன்னாலும் ஆமாம் போட்டதால், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனம் சில நாளிலேயே அதைத் திரும்பப் பெற்றது. பயனர்களின் உடனடிக் கருத்துக்கு அதிக எடை கொடுத்துவிட்டதாக அந்த நிறுவனமே சொன்னது. ‘எனக்கு ஆதரவாகப் பேசு’ என்று நாமே எழுதி வைப்பது அதே பள்ளத்தை நம் வீட்டு வாசலில் தோண்டுவதுதான்.

‘முப்பது வருட அனுபவமுள்ள டாக்டராகப் பேசு’ என்ற யோசனையையும் கட்டுரையாளர் மறுபரிசீலனை செய்யலாம். அதனால் பேச்சில் தெம்பு கூடும்; மருந்தின் அளவைத் தப்பாகச் சொல்வது அதனால் நின்றுவிடாது. தப்பை டாக்டர் குரலில் கேட்டால் யாரும் சரிபார்க்க மாட்டார்கள்.

இனி இப்படி மாதிரி வரிகள் வெளியிடும்போது, அதற்கு வந்த பதிலையும் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சேலம்