புளூ பாட்ஜ் விண்ணப்பமும் நம் முதியவர்கள் சொல்லாமல் விடும் வலியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

இங்கிலாந்தில் வாழும் நம் முதியவர்களில் பலர், பத்தடி நடப்பதற்கே சிரமப்படும் நிலையிலும், மாற்றுத்திறனாளிகளுக்கான வாகனத் தரிப்பு அனுமதியான புளூ பாட்ஜ் இல்லாமலே காலத்தைக் கழிக்கிறார்கள். விண்ணப்பித்து மறுக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். கேட்பதற்கே கூச்சப்பட்டு இருந்துவிட்டவர்களும் இருக்கிறார்கள். வடமேற்கு இலண்டனில் நம்மவர் கூடும் முதியோர் ஒன்றுகூடல் ஒன்றில் இத்தகைய படிவங்களை நிரப்ப உதவிவருபவன் நான். என் கைக்கு வரும் மறுப்புக் கடிதங்கள் பலவற்றுக்கு, விண்ணப்பித்தவர் தம் நிலையைக் குறைத்துச் சொன்னதே காரணமாக இருந்திருக்கிறது. அதைப் பற்றித் தங்கள் வாசகர்களிடம், குறிப்பாக வயதான பெற்றோரை வீட்டில் வைத்திருக்கும் பிள்ளைகளிடம், சில விடயங்களைக் கூற விரும்புகிறேன்.

1970ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் கீழ் 1971இல் செம்மஞ்சள் அட்டையாகத் தொடங்கிய இத்திட்டம், 2000ஆம் ஆண்டில் நீல அட்டையாக மாறியது. நெடுநாள் நோயோ உடற்குறைபாடோ உள்ளவர்களுக்கான பிப் எனப்படும் அரசாங்கக் கொடுப்பனவில் நடந்து செல்லும் திறனுக்கு 8 புள்ளிகளோ அதற்கு மேலோ பெற்றவர்களுக்கும், கடுமையான பார்வையிழப்பு உள்ளவராகப் பதிவுசெய்யப்பட்டவர்களுக்கும், வேறு சில பிரிவினருக்கும் மேலதிகப் பரிசோதனை இன்றியே பாட்ஜ் கிடைக்கும். ஆனால் ஓய்வூதிய வயதைக் கடந்த ஒருவர் பிப் கொடுப்பனவைப் புதிதாகக் கோர முடியாது. அவர் கோரக்கூடியது, பராமரிப்பு உதவி தேவைப்படும் முதியவர்களுக்கான அட்டெண்டன்ஸ் அலவன்ஸ். அதில் நடமாட்டத்துக்கென்று ஒரு பகுதியே கிடையாது. ஆகவே, "அம்மாவுக்கு அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் வருகிறதே, பாட்ஜும் தானாக வந்துவிடும்" என்று நம்பியிருக்கும் குடும்பங்கள் ஏமாந்துபோகின்றன. நம் முதியவர்களில் அநேகர், தாம் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரத்தில், எவ்வளவு வலியோடு நடக்கிறோம் என்பதை, பாட்ஜ் வழங்கும் உள்ளூர்க் கவுன்சிலுக்கு விளக்கிக் காட்டியே இதைப் பெற வேண்டியிருக்கிறது.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. உடல்நிலையை விவரிக்கும்படி படிவம் கேட்டால் நம்மவர்கள் நோய்களின் பெயர்களை அடுக்கி நிறுத்திவிடுகிறார்கள்: நீரிழிவு, மூட்டுவாதம், இரத்த அழுத்தம், இருதயச் சத்திரசிகிச்சை. நோயின் பெயரை வைத்து எவருக்கும் பாட்ஜ் கொடுப்பதில்லை; அந்த நோய் நடையை எப்படிப் பாதிக்கிறது என்பதையே அவர்கள் பார்க்கிறார்கள். "மூட்டுவாதம் உண்டு, அதிக தூரம் நடக்க முடியாது" என்று எழுதுவதால் பரிசீலிப்பவருக்கு எதுவும் தெரியவராது. "வீட்டு வாசலிலிருந்து தெருமுனையிலுள்ள பஸ் தரிப்பிடத்துக்குப் போவதற்குள் இரண்டு தடவை மதிலைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், மற்றவர்கள் இரண்டு நிமிடத்தில் போகும் தூரத்துக்கு எனக்குப் பத்து நிமிடம் செல்லும், போய்ச் சேர்ந்ததும் மூச்சு வாங்குவதால் சிறிது நேரம் பேச இயலாது, மறுநாள் முழங்கால் வீங்கியிருக்கும்" என்று எழுதினால் அந்த நடையே அவர் கண்முன் வந்து நிற்கும். ஊன்றுகோல், நடைச்சட்டகம், உட்கொள்ளும் வலிநிவாரணி, காத்திருக்கும் சத்திரசிகிச்சை எல்லாவற்றையும் எழுத வேண்டும். நல்ல நாளில் எப்படி, மோசமான நாளில் எப்படி, வாரத்தில் எத்தனை நாள் மோசம் என்பதையும் உள்ளபடி எழுத வேண்டும். கூட்டிச் சொல்லும்படி நான் எவரையும் கேட்கவில்லை. குறைத்துச் சொல்லாதீர்கள் என்றே கேட்கிறேன்.

படிவத்தைக்கொண்டு முடிவெடுக்க இயலாதபோது, உடலியக்கச் சிகிச்சையாளர் போன்ற ஒருவரிடம் நேரடிப் பரிசோதனைக்கு அழைப்பார்கள். அத்தகைய பரிசோதனை ஒன்றுக்கு, இருதய நோயும் தேய்ந்த முழங்கால்களும் உள்ள ஓர் அம்மாவுடன் நானும் போயிருந்தேன். வெள்ளைக்காரர் முன்னால் தடியோடு போவதா என்று ஊன்றுகோலைக் காரிலேயே வைத்துவிட்டார். நல்ல சேலை உடுத்தி, தலைவாரி, காத்திருக்கும் அறையிலிருந்து உள்ளறைவரை பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தே நடந்தார். நடை எப்படி என்று கேட்கப்பட்டதும், "கடவுள் புண்ணியத்தில் பரவாயில்லை, சமாளிக்கிறேன்" என்றார். உடனிருந்த மகள் அதை அப்படியே மொழிபெயர்த்தார். அதிகாரியும் அதை அப்படியே எழுதிக்கொண்டார். திரும்பி வரும்போது, நிறுத்தியிருந்த கார்களை ஒவ்வொன்றாகப் பற்றிப் பற்றித்தான் அந்த அம்மாவால் எங்கள் கார்வரை வர முடிந்தது. அதைப் பார்க்க அதிகாரி அங்கே இல்லை. சில வாரங்களில் மறுப்புக் கடிதம் வந்தது.

அந்த அம்மாவைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. பிறர் முன் வலியைக் காட்டாமல் இருப்பதையே வாழ்நாள் முழுவதும் பெருமையாகக் கொண்ட தலைமுறை அது. போரையும் இடப்பெயர்வையும் கடந்து வந்தவர்களுக்கு முழங்கால் வலி ஒரு பேச்சாகவே தோன்றுவதில்லை. ஆனால் கவுன்சில்கள் இதை அறிந்திருக்க வேண்டும். தமிழர் செறிந்து வாழும் பகுதிகளிலாவது, நேரடிப் பரிசோதனைக்குத் தேர்ந்த தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அமர்த்த வேண்டும். கழிப்பறைக்குப் போகும் வழியில் விழுந்ததைப் பெற்ற மகனின் வாயால் சொல்லவைக்க எந்தத் தாயும் விரும்பமாட்டாள். பிள்ளைகளும் பெற்றோருக்கு வந்த அழைப்புக் கடிதத்தைக் கண்டவுடன் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று எழுத்தில் கேட்கலாம்.

இன்னொரு பிரிவினரும் உண்டு. 2019 ஆகஸ்ட் 30 முதல், வெளியே தெரியாத குறைபாடுகளுக்கும் இங்கிலாந்தில் இந்த பாட்ஜ் பெறலாம். மறதிநோயால் கார்க்கதவு திறந்தவுடன் வீதிக்குள் இறங்கிவிடும் தந்தையும், சனநெரிசலில் தன்னைக் கட்டுப்படுத்த இயலாமல் ஓடிவிடும் ஓட்டிசம் உள்ள பிள்ளையும் இதற்குள் அடங்கலாம். கால் நன்றாக இருக்கிறதே, எப்படிக் கேட்பது என்று தயங்குவோர் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். நாலு பேருக்குத் தெரிந்துவிடுமே என்ற அச்சமும் அதில் கலந்திருக்கிறது. தரிப்பிடத்திலிருந்து கடைவாசல்வரை பிள்ளையின் கையை இறுகப் பிடித்தபடி செல்லும் தாயின் பதற்றமும் படிவத்தில் எழுதப்பட வேண்டிய ஒன்றே.

விண்ணப்பத்தை அரசாங்க இணையத்தளத்தின் வழியாகவோ கவுன்சில் வழியாகவோ மட்டுமே செய்யுங்கள். இங்கிலாந்தில் கட்டணம் 10 பவுணுக்கு மேற்படாது, வேல்ஸில் இலவசம். அதற்கு மேல் கேட்கும் இடைத்தரகர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அடையாளச் சான்று, முகவரிச் சான்று, அண்மைய புகைப்படம், தேசியக் காப்புறுதி இலக்கம் ஆகியவற்றை ஆயத்தமாக வைத்திருங்கள். வைத்தியசாலைக் கடிதங்களின் பிரதிகளை இணைப்பது நல்லது. குடும்ப வைத்தியரின் கடிதம் ஒன்றே போதும் என்று இருந்துவிடக் கூடாது. முடிவெடுப்பது கவுன்சில்தான், அதற்கு 12 வாரங்களோ கூடுதலாகவோ செல்லக்கூடும்.

மறுக்கப்பட்டால் சோர்ந்துவிட வேண்டாம். கவுன்சில் அதற்கான காரணத்தைக் கூற வேண்டும். விடுபட்ட விவரங்களை எழுதி மீள்பரிசீலனை கோரலாம். மேற்கூறிய அம்மாவின் மகள் அவ்வாறே செய்தார். காரிலிருந்து பரிசோதனை அறைக்கும் அங்கிருந்து காருக்கும் தாய் நடந்த விதத்தையே ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்பினார். இரண்டாம் தடவை பாட்ஜ் கிடைத்தது. விண்ணப்பத்தைக் கையாண்ட முறையில் தவறு இருந்தால், கவுன்சிலின் முறைப்பாட்டு வழியைப் பின்பற்றிய பிறகு கவுன்சில்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் உள்ளூராட்சி ஒம்புட்ஸ்மனிடமும் போகலாம்.

வருத்தத்தோடு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பாட்ஜ் ஆளுக்கு உரியது, காருக்கு உரியதல்ல. அந்த முதியவர் எவருடைய காரில் போனாலும் அதைப் பயன்படுத்தலாம். அவர் வீட்டில் இருக்கையில், அவருக்காகவே மருந்து வாங்கப் போனாலும், மகன் பயன்படுத்தலாகாது. பிடிபட்டால் 1,000 பவுண்வரை அபராதம் விதிக்கப்படலாம், பாட்ஜும் பறிபோகலாம். கோவில் திருவிழா நாட்களில், தாயை வீட்டில் விட்டுவிட்டு அவருடைய பாட்ஜை வைத்து வாசலருகே காரை நிறுத்துகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். அந்த இடம் இல்லாமையால் சக்கரநாற்காலியோடு சுற்றிச் சுற்றி வந்து தரிசனம் இன்றியே திரும்பிய குடும்பத்தையும் கண்டிருக்கிறேன். கோவில் நிர்வாகங்கள் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

பாட்ஜ் பெரும்பாலும் மூன்று ஆண்டுகளுக்கே செல்லுபடியாகும். அது தானாகப் புதுப்பிக்கப்படுவதில்லை. முடியும் திகதியை இன்றே பார்த்து, சில மாதங்களுக்கு முன்னரே மீண்டும் விண்ணப்பித்துவிடும்படி பிள்ளைகளைக் கேட்டுக்கொள்கிறேன். படிவத்தின் முக்கிய கேள்விகளைத் தமிழ் விளக்கத்தோடு தாங்கள் ஒரு பக்கமாக வெளியிட முன்வந்தால், அதை எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
வடமேற்கு இலண்டன்