சுடு சொதியும் பொலித்தீன் பையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்தில் பிளாஸ்ரிக் என்று கதை எடுத்தால் வாய்க்கால் அடைபடுவதும் மாடு பொலித்தீன் தின்று சாவதும்தான் பேச்சு. சரி, அதுவும் உண்மைதான். ஆனால் காலையில் இடியப்பக் கடையில் அடுப்பால் இறக்கிய சொதியைப் பையில் ஊற்றி முடிச்சுப் போட்டுத் தருகிறார்களே, அதைப் பற்றி ஏன் ஒருவரும் கேட்பதில்லை?

பிளாஸ்ரிக்கை வளைக்க, நிறமேற்ற, வெயில் தாங்க வைக்க என்று சேர்க்கும் இரசாயனங்களில் பல அதோடு இறுகப் பிணையாமல் சும்மா இடையில் கிடப்பவை. சூடும் கொழுப்பும் பட்டால் கழன்று உணவுக்குள் இறங்கிவிடும், தேங்காய்ப்பால் சொதியில் இரண்டுமே தாராளம். பிவிசியை மெதுமையாக்கும் தலேற்றுகள் ஆண் ஹோர்மோனின் வேலையைக் குழப்புகின்றன. பொலிகாபனேற் என்ற கெட்டிப் பிளாஸ்ரிக் போத்தலிலும் தகர ரின்களின் உட்பூச்சிலும் வரும் பிஸ்பினோல் ஏ (பிபிஏ), பெண் ஹோர்மோனான ஈஸ்ரஜன் போல நடிக்கும், தைரொயிட் ஹோர்மோனையும் மறிக்கும்.

எனக்குப் பயம் இந்தத் தைரொயிட் விஷயத்தில்தான். கருவிலுள்ள பிள்ளையின் மூளை முதல் மாதங்களில் தாயின் தைரொயிட் ஹோர்மோனை நம்பித்தான் வளர்கிறது, அந்த நேரத்தில் பிசகினால் பிறகு குளிசை போட்டுத் திருத்துவது கஷ்டம். எல்லாம் நிரூபணமாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. எலிகளில் தெரிந்த அளவு தெளிவு மனிதரில் இல்லை. ஆனால் ஹோர்மோன்கள் இம்மியளவிலேயே வேலை செய்பவை, அதனால் "கொஞ்சந்தானே" என்ற கதை இங்கே எடுபடாது. 2023இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை பிஸ்பினோல் ஏ தினமும் உடலில் சேரக்கூடிய அளவை 20,000 மடங்கு குறைத்தது, அடுத்த வருடமே ஐரோப்பிய ஒன்றியம் உணவுப் பொதிகளில் அதற்குத் தடையும் போட்டது. பிபிஏ இல்லை என்று எழுதி விற்கும் சில சாமான்களில் அதற்குப் பதிலாக பிஸ்பினோல் எஸ் இருக்கிறது, அதுவும் கிட்டத்தட்ட அதே குணந்தான்!

இங்கே இலங்கையில், கொழும்புப் பக்கம் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்த 2017இல், சோறு சுற்றும் லஞ்ச் சீற்றுக்கும் றெஜிபோம் என்ற நுரைப் பிளாஸ்ரிக் பெட்டிக்கும் தடை வந்தது. குப்பையைப் பார்த்துப் போட்ட சட்டம் அது, சாப்பிடுகிறவனைப் பார்த்து அல்ல. சொதிப் பை இன்றும் கடைகளில் தொங்குகிறது. சில்வர் வாளி கொண்டுபோனால் எந்தக் கடைக்காரரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார், பை மிச்சம் அவருக்குத்தானே. சமையலறைச் சுத்தம் பார்க்க வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களான பி.எச்.ஐமார் இதையும் கொஞ்சம் பார்க்கட்டும், கர்ப்பிணிகள் கிளினிக்கில் இரும்புச்சத்துக் குளிசை கொடுக்கும்போது மிட்வைவ்மாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம்.

ஒரு வாசகி,
கொக்குவில்.