கென்சிங்டனில் பார்த்த வீடு

அன்புள்ள கண்ணம்மா,

லண்டனில் உன் வீட்டில் தங்கியிருந்தபோது நானும் அப்பாவும் கென்சிங்டனில் ஒரு பழைய வீட்டைப் பார்த்துவிட்டு வந்தோம் என்று சொன்னேனே, நீ போனைப் பார்த்துக்கொண்டே "ம்" கொட்டினாய். அதனால் எழுதியே அனுப்புகிறேன்.

ஸ்டாஃபோர்ட் டெரஸ், 18-ஆம் எண். 'பஞ்ச்' பத்திரிகையில் கார்ட்டூன் போட்ட லின்லி சாம்போர்ன் 1875-ல் மனைவி மேரியனோடு குடிவந்த வீடு, இப்போது மியூசியம். அரண்மனை எல்லாம் இல்லை, வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றுதான், ஆனால் உள்ளே சுவரே தெரியாத அளவுக்குப் படம், ஜாடி, நாற்காலி. இதையெல்லாம் தினமும் யார் துடைத்தார்களோ பாவம். வரவேற்பறையில் தோல் மாதிரியே இருக்கும் விலை உயர்ந்த தாளை ஒட்டிய சாம்போர்ன், படம் மறைக்கிற இடத்தில் ஒட்டவே இல்லையாம், அங்கே பழைய தாளையே விட்டுவிட்டார்! பீரோவுக்குப் பின்னால் பெயின்ட் எதற்கு என்று நான் சொன்னபோது நீயும் அப்பாவும் என்ன கேலி செய்தீர்கள்.

வாராவாரம் கார்ட்டூன் கொடுத்தாக வேண்டும், அதனால் மனைவி, வேலைக்காரர்கள், ஏன் தன்னையே வேஷம் போட்டு நிற்கவைத்துப் போட்டோ எடுத்து, அதைப் பார்த்து வரைவார். போட்டோ கழுவியது குளியலறையில். அப்படி ஆயிரக்கணக்கில் எடுத்திருக்கிறார். இளவரசி மார்கரெட்டைக் கட்டிக்கொண்டாரே ஒரு போட்டோகிராபர், அவர் இவருடைய கொள்ளுப்பேரன்தான்.

மகன் ராய் கல்யாணமே செய்துகொள்ளாமல் 1946 வரை அங்கேயே இருந்தார், பெரிதாக எதையும் மாற்றவில்லை. வீடு தப்பித்ததில் பாதிப் புண்ணியம் அவருக்கு. அப்புறம் மகள் மாட், அவருக்குப் பின் பேத்தி ஆன். அந்தக் காலத்தில் விக்டோரியா காலத்துப் பொருள் என்றாலே குப்பை என்று தூக்கிப் போட்டார்கள், கட்டடங்களையும் இடித்தார்கள். ஆன் நண்பர்களை இதே வீட்டுக்கு அழைத்துப் பேசித்தான் 1958-ல் அவற்றைக் காப்பாற்றுவதற்கான விக்டோரியன் சொசைட்டி என்ற சங்கம் உருவானது. 1980-ல் வீட்டை அப்போதைய லண்டன் நகர நிர்வாகமான கிரேட்டர் லண்டன் கவுன்சிலுக்கு விற்றார், அதே ஆண்டு பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஒரு நாள் போய்வா. திறக்கும் நாளைப் பார்த்துக்கொள். மாடிப்படி அதிகம், அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார், நீ அந்த ஹீல்ஸ் செருப்போடு போகாதே.

அம்மா