சுங்கை சிப்புட் மக்களுக்கு ஒரு நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கம். போன மாதம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். 34 வருஷம் ரத்தப் புற்றுநோயையும் ரத்தக் கோளாறுகளையும் ஆராய்ந்த வேலை. கோலாலம்பூரில் விருந்து வைத்தார்கள், அங்கே சொல்ல வேண்டியவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டேன். ஆனால் என் கடன் பெரும்பாலும் நம் ஊரில்தான் இருக்கிறது.

முதலில் எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்த டிரெசர் ஐயா. 1974-ல் எனக்கு 12 வயது, அம்மாவுக்குக் காய்ச்சல் மருந்து வாங்கப் போயிருந்தேன். மலேரியா பார்ப்பதற்காக ஒருவர் விரலில் குத்தி எடுத்த சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் வைத்து, இன்னொரு கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து ஒரே தள்ளாகத் தள்ளினார். ரத்தம் மெல்லிசாகப் பரவி நுனியில் இறகு மாதிரி நின்றது. தடித்துப் போனால் அணுக்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், ஒன்றும் தெரியாது, "கையை நடுவில் நிறுத்தாதே பாப்பா" என்றார். சாயம் போட்டுக் காய்ந்ததும் மைக்ராஸ்கோப்பை என் உயரத்துக்கு இறக்கி வைத்தார். சிவப்பணுக்களுக்கு நடுவே ஊதா நிறத்தில் ஒரு வெள்ளையணு. என்னிடம் பயிற்சிக்கு வந்த எல்லாருக்கும் அவர் சொன்ன அதே வார்த்தையைத்தான் சொல்லிக் கொடுத்தேன்.

அப்புறம் எங்கள் லயத்துப் பெண்கள். நான் பல்கலைக்கழகம் போன வருஷம், அந்த மாதம் கூட்டு (சீட்டுப் பணம்) எடுக்க வேண்டியிருந்த அக்கா தன் முறையை என் அம்மாவுக்கு விட்டுக்கொடுத்தார். விடியற்காலை பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், கித்தா என்ற ரப்பர் மரம் சீவி, பால் வாளி தூக்கிச் சேர்த்த வெள்ளிக் காசு அது. அதை ஒரு நாளும் மறந்ததில்லை.

ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு பஸ் ஓட்டிய அண்ணனுக்கும் நன்றி. நோயாளியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த மாதிரி உயிருள்ள அணுக்களோடு வந்து சேர வேண்டும், நாள் கடந்தால் பரிசோதனைக்கு ஆகாது. அந்தச் சின்ன ஐஸ் பெட்டியை வெயில் படாமல் தன் இருக்கைக்குப் பக்கத்திலேயே வைத்துக் கொண்டு வந்து என் கையில்தான் கொடுப்பார், வேறு யாரிடமும் கொடுக்க மாட்டார். கோயில் இளைஞர்களையும் சொல்ல வேண்டும். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் சுமார் 5 நாள்தான் தாங்கும், சேர்த்து வைக்க முடியாது, அதனால் திருவிழாவுக்கு ஒரு தடவை ரத்தம் கொடுத்தால் போதாது என்று ஒரே ஒரு முறைதான் விளக்கினேன், அதன் பிறகு யாரும் கேட்காமலேயே வருஷம் முழுக்க முறை வைத்து வந்தார்கள். பயந்துபோன பெற்றோரிடம், ரத்தப் புற்றுநோய்க்குப் போடும் வின்கிரிஸ்டின் ஊசி நம் கோயில் ஓரத்தில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வந்த மருந்துதான் என்று எடுத்துச் சொன்னதும் அவர்கள்தான். இலையை வீட்டில் அவித்துக் குடிக்கக் கூடாது, அது விஷம் என்பதையும் மறக்காமல் சொன்னார்கள்.

கடைசியாக ஓர் அம்மா. பெயர் எழுதவில்லை, அவருக்குப் புரியும். அவருடைய மகனுக்கு ரத்தப் புற்றுநோய் அடங்கிவிட்டது, மெர்காப்டோபுரின் மாத்திரை நடந்துகொண்டிருந்தது. புத்தகத்தில் போட்டிருந்த அளவுதான் கொடுத்தோம். வெள்ளையணுக்கள் ஒரேயடியாகச் சரிந்தன, கிருமி தொற்றிப் பையன் போய்விட்டான். அந்த மருந்தைச் சிலர் உடம்பு தாங்காததற்குக் காரணமாக அப்போது தெரிந்திருந்த டிபிஎம்டி மரபணுவைப் பார்த்தோம், அதில் குறை இல்லை. மிச்சமிருந்த மாதிரியை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கவே எனக்கு நாக்கு எழவில்லை. அவர் படிவத்தை வாங்கி, கேட்காமலேயே கையெழுத்துப் போட்டார்.

2015, 2016-ல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து அதே மருந்தை உடம்பு தாங்காததற்குக் காரணமான நுட்15 (NUDT15) என்ற இன்னொரு மரபணுவைப் பற்றி எழுதினார்கள். ஐரோப்பியர்களிடம் அதில் மாற்றம் அரிது, ஆசியர்களிடம் அதிகம், அதனால்தான் அதுவரை மேல்நாட்டுப் புத்தகங்களில் அது இருக்கவில்லை. அம்மா, அப்பாவிடமிருந்து வரும் இரண்டு பிரதியிலும் மாற்றம் உள்ளவருக்கு வழக்கமான அளவில் சுமார் பத்தில் ஒரு பங்கு அளவே போதுமானதாக இருக்கும். உறைபெட்டியிலிருந்து அந்தப் பையனின் மாதிரியை எடுத்துப் பார்த்தேன். இரண்டிலுமே மாற்றம் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்போ இனிமே வர்ற பிள்ளைங்களுக்கு முதல்லயே பார்த்துக் குறைச்சுக் கொடுப்பீங்களா?" என்றார். எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வரும் பிள்ளைகளுக்குப் பார்க்க ஆரம்பித்துவிட்டோம் என்றேன். "சரிம்மா" என்று எழுந்து போய்த் தேத்தண்ணி கலந்து கொண்டுவந்தார். அன்று அவர் முன்னால் எனக்கு வாய் வரவில்லை. அம்மா, உங்களுக்கு நன்றி.