தண்ணீர் வந்த பிறகு எதை அளப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உள்ளாட்சிகளில் பணம் வீணாவதைப் பற்றிச் சென்ற வாரம் தலையங்கம் எழுதியிருந்தீர்கள். எல்லாம் சரி. மக்கள் கிராம சபைக்கு வந்து கேள்வி கேட்டால் பாதி முறைகேடு நின்றுவிடும் என்று போகிற போக்கில் ஒரு வரி போட்டிருந்தீர்களே, அதைப் படித்து கையிலிருந்த காப்பி ஆறிப்போயிற்று.

நான் போனேன் ஐயா. கேட்டேன். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் ஆறு மா நிலம் வைத்திருப்பவன். 2022 ஆகஸ்ட் 15 கூட்டத்தில், எங்கள் வாய்க்காலை 1,200 மீட்டர் தூர்வாரியதாகக் கணக்கு வாசித்தார்கள். பொக்லைன் ஒன்றரை நாள்தான் நின்றது, மதகுக்கு இந்தப் பக்கம் வெங்காயத்தாமரையை வாரிக் கரையில் போட்டுவிட்டுப் போய்விட்டது, அந்தப் பக்கம் நெய்வேலி காட்டாமணக்கு ஆள் உயரம் நிற்கிறது என்றேன். "அதெல்லாம் எம் புக்கில் ஏறிவிட்டது பெரியவரே" என்றார்கள். எம் புக் என்றால் செய்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகம். சரி, போய் அளந்து பார்ப்போம் என்றால் எங்கே அளப்பது? அந்த வருஷம் மே 24ஆம் தேதியே மேட்டூரைத் திறந்துவிட்டார்கள். வாய்க்காலில் இடுப்பளவுத் தண்ணீர்.

விடவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினேன். 30 நாளில் வரவேண்டிய பதில் நாலு மாதம் கழித்து வந்தது. கோப்பு கஜா புயலில் சேதமாகிவிட்டதாம். கஜா அடித்தது 2018 நவம்பரில். நாலு வருஷம் கழித்து நடக்கப்போகிற வேலையின் கோப்பையும் தேடிப்பிடித்து நனைத்திருக்கிறது, கெட்டிக்காரப் புயல்!

அந்தப் புயலின்போது தார்ப்பாய் கேட்கக்கூட ஊரில் தலைவர் கிடையாது. 2016இல் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது என்பது தாங்கள் அறியாததல்ல. அப்படி வந்தவர்களின் பதவிக்காலமும் 2025 ஜனவரியில் முடிந்தது, மறுபடி தலைவருக்குப் பதிலாக நிர்வாகம் பார்க்கும் அரசு அதிகாரியான தனி அலுவலர் வந்தார். தலைவர் என்றால் டீக்கடையில் மறித்துச் சண்டையாவது போடலாம்.

அப்புறம், மக்கள் வருவதில்லை என்கிறீர்கள். எங்கள் ஊர்க் கூட்டத்துக்குக் குறைந்தது 100 பேர் வேண்டும். நாற்பது பேர் வருவோம். மீதிக் கையெழுத்துக்கு, நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கு நோட்டே நடந்து போகும். தீர்மானப் புத்தகத்தைப் பார்த்தால் ஊரே திரண்டிருக்கும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டையும் குடவோலையையும் வருஷம் தவறாமல் படத்தோடு போடுகிறீர்கள். கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவுக்காரர்களும் ஊர் வேலைகளைக் கவனிக்கும் குழுவான வாரியத்துக்கு நிற்கக்கூடாது என்று அதே பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டில் இருக்கிறதே, அதையும் ஒருமுறை கொட்டை எழுத்தில் போடுங்கள். இன்றைக்கு அமல்படுத்தினால் எங்கள் வட்டாரத்தில் வேட்பாளரே கிடைக்கமாட்டார், அது வேறு விஷயம்.

நான் கேட்பது பெரிதல்ல. தண்ணீர் திறக்கப் பத்து நாள் முன்னால், எந்த வாய்க்கால், எத்தனை மீட்டர், என்ன ஆழம், எவ்வளவு தொகை என்று ஒரே ஒரு தாளை ரேஷன் கடைச் சுவரில் ஒட்டச் சொல்லி ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். மைதாப் பசை நான் காய்ச்சித் தருகிறேன்.

என் பெயரை மட்டும் தயவுசெய்து போட வேண்டாம். வாய்க்கால் தண்ணீர் என் வயலுக்கும் வந்தாக வேண்டும்.

இப்படிக்கு,
கடைமடை விவசாயி ஒருவர்,
திருவாரூர் மாவட்டம்.