புரோநோட்டுக்கு மே 19 கடைசி நாள்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். போனில் சொன்னால் ஆபீஸ் அவசரத்தில் பாதியைத்தான் காதில் வாங்குவாய், அதனால் எழுதுகிறேன்.

பீரோவில் நீ வைத்துவிட்டுப் போன புரோநோட்டை எடுத்துப் பார்த்தேன். உன் சிநேகிதன் இரண்டு லட்சத்துக்கு எழுதிக் கொடுத்தது. தேதி 2023 மே 19. ‘கேட்கும்போது தருகிறேன்’ என்று எழுதிய நோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்து மூன்று வருஷம்தான் ஆயுள், அதற்குள் கோர்ட்டுக்குப் போக வேண்டும். நீ கேட்டாயா, அவன் மறுத்தானா என்பதெல்லாம் கணக்கில் வராது. எழுதிய நாளைத் தள்ளிவிட்டு எண்ணினால், 2026 மே 19 கடைசி நாள்.

‘அவன் எங்கே ஓடிவிடப் போகிறான்’ என்று நீ சொல்வாய். நல்ல பையன்தான், நம் வீட்டில் சாப்பிட்டிருக்கிறான். ஆனால் 1963-ஆம் வருஷக் காலவரையறைச் சட்டம் ஆளின் குணத்தைப் பார்ப்பதில்லை. காலம் கடந்த பிராது, அதாவது கோர்ட்டில் போடும் வழக்கு என்றால், எதிராளி வாயே திறக்காவிட்டாலும் கோர்ட்டே தள்ளுபடி செய்ய வேண்டும் என்று மூன்றாவது பிரிவில் இருக்கிறது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போடுவதெல்லாம் அப்பீலுக்கும் சில மனுக்களுக்கும்தான். பிராதுக்கு அது கிடையாது. நான் டைப் அடித்த ஆபீசில் சீனியர் வக்கீல் கட்சிக்காரரின் கதையைக் கேட்கவே மாட்டார். நோட்டைக் கையில் வாங்கி முதலில் தேதியைப் பார்ப்பார், உடனே திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் ‘சொல்லுங்க’ என்பார்.

உன் நோட்டின் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. அங்கே ஒரு வரவு வேண்டும். அவன் ஐயாயிரமோ இரண்டாயிரமோ கொடுக்கட்டும். ‘இந்த நோட்டின் வட்டி வகைக்கு இன்று ரூபாய் இவ்வளவு செலுத்தினேன்’ என்று அவன் கையாலேயே எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போடட்டும். அன்றிலிருந்து புதிதாக மூன்று வருஷம் ஓடும். பணமே இல்லை என்றால், இன்ன நோட்டில் இவ்வளவு பாக்கி தர வேண்டியிருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் போதும். எதுவானாலும் மே 19-க்குள் நடக்க வேண்டும். கடன் கொடுத்தவரே வரவு எழுதித் தன் கையெழுத்தைப் போட்டுக்கொண்ட நோட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அதற்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. ‘கண்டிப்பா தரேன் மச்சான்’ என்று வாட்ஸப்பில் வந்ததையும், ஜிபேயில் எப்போதோ விழுந்த இரண்டாயிரத்தையும் நம்பி உட்கார்ந்துவிடாதே. வக்கீல் நோட்டீஸ் விட்டுவிட்டால் காலம் நின்றுவிடும் என்று ஊரில் பாதிப்பேர் நினைக்கிறார்கள். நிற்காது.

இதில் இன்னொரு சிக்கல். மே மாதம் கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை. கடைசி நாள் விடுமுறையில் விழுந்தால், கோர்ட்டு திறக்கும் அன்றைக்குப் பிராது போடலாம் என்று சட்டம் சொல்கிறது. அந்தச் சலுகை பிராதுக்கு மட்டும்தான். வரவு எழுதுவதற்கு விடுமுறை எல்லாம் கிடையாது. கொரோனாவை நினைத்துக்கொண்டு நீட்டிப்பு ஏதாவது வரும் என்றும் இருக்காதே. 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரைக்கும் காலத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னது அந்த நேரத்துக்கு. உன் நோட்டு அதற்குப் பின்னால் பிறந்தது.

தேதி தாண்டிவிட்டால் கடனே இல்லை என்று ஆகாது, கோர்ட்டு வழியாக வாங்க முடியாது, அவ்வளவுதான். அவனாகக் கொடுத்தால் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம். பழைய கடனைத் தருகிறேன் என்று புதிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் செல்லும். ஆனால் அப்போது அவன் தயவில் நீ நிற்பாய். இப்போது கேட்டால் சமமாக நின்று கேட்கலாம். பிற்பாடு கேட்கும்போதுதான் சிநேகிதம் கெடும் என்பது என் எண்ணம். செக் ஏதாவது வாங்கி வைத்திருக்கிறாயா என்றும் பார். அதன் கணக்கு வேறு, ரொம்ப வேகமானது. செக்குக்கு மூன்று மாதம்தான் உயிர். திரும்பி வந்தால் பாங்கு தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அவனுக்கு 15 நாள் அவகாசம், அதிலும் தராவிட்டால் ஒரு மாதத்துக்குள் புகார்.

அப்புறம் வீட்டு விஷயம். சித்தப்பா நம் கூட்டு வீட்டில் குடியிருந்து 12 வருஷம் தாண்டிவிட்டது, பங்கு போய்விடுமா என்று பதறினாயே. பதறாதே. கூட்டுச் சொத்தில் ஒரு பங்காளி இருப்பது எல்லாப் பங்காளிக்காகவும் இருப்பது மாதிரிதான். அதுவும் உன் அப்பா சம்மதத்தோடு இருக்கிறார். ‘உங்களுக்கு இதில் பங்கில்லை’ என்று வெளிப்படையாக மறுத்து நம்மை ஒதுக்கினால்தான், 12 வருஷம் ஆனால் பங்கு போய்விடும் என்கிற அந்தக் கணக்கு ஆரம்பிக்கும். ஆனால் ஆரம்பித்தபின் சும்மா இருக்கக் கூடாது. கடன் விஷயம் மாதிரி இல்லை இது. நிலம், வீட்டில் காலம் முடிந்தால் உரிமையே அழிந்துபோகும். வீட்டு வரியும் பட்டாவும் யார் பேரில் இருக்கிறது என்று அப்பாவை வருஷம் ஒரு தடவை பார்க்கச் சொல்லியிருக்கிறேன். சித்தப்பாவிடம் இதைப் பற்றி நீ ஒன்றும் பேச வேண்டாம்.

உன் மாமா வேறு, தன்னைப் பற்றிக் கல்யாண வீட்டில் ஒருவர் கேவலமாகப் பேசிவிட்டார், நஷ்டஈடு கேட்டு கேஸ் போடப்போகிறேன் என்று குதிக்கிறார். பேசி இரண்டு வருஷம் ஆகிறது. அவதூறுக்கு ஒரு வருஷம்தான் என்று சொன்னதிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

நீ செய்ய வேண்டியது இதுதான். சித்திரை முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நோட்டை எடுத்துக்கொண்டு நேரே அவன் வீட்டுக்குப் போ. அசலை கூரியரில் அனுப்பாதே, லேமினேட்டும் செய்யாதே, பின்பக்கம் எழுத முடியாமல் போகும். எழுதித் தர மாட்டேன் என்று சொன்னால் சண்டை போடாமல் திரும்பி வந்து என்னிடம் சொல். அப்புறம் பிராதுதான். கோர்ட்டு ஃபீஸ் நூற்றுக்கு மூன்று ரூபாய் ஆகும், வக்கீல் ஃபீஸ் தனி. பிராது தயார் செய்ய வக்கீலுக்கும் சில நாள் வேண்டும், கடைசி நாளில் போய் நிற்க முடியாது. எந்த ஞாயிறு என்று முன்னாடியே சொல், மாவு அரைத்து வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா